உறிஞ்சுகுழிக்கும் போர்ஹோலுக்கும் இடையில்: சிவப்பு மணலில் நுண்துகள் நகர்வை எந்த வழியில் அளப்பது?

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் போனபின், தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரை ஊர்களில் பலர் சொந்தமாகப் போர்ஹோல், அதாவது ஆழ்துளைக் கிணறு, தோண்டிக்கொண்டார்கள். எங்கள் ஊர்க் கோயிலும் அப்படித்தான் ஒன்றைத் தோண்டியது. கோயிலின் செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீர் இறங்கும் உறிஞ்சுகுழி, அந்தப் போர்ஹோலிலிருந்து 35 மீட்டர் தூரத்தில், சற்று மேட்டுப் பக்கமாக இருக்கிறது. சாதாரண நாட்களில் அந்தக் குழிக்கு வேலை குறைவு. தைப்பூசக் காவடி நாட்களிலோ ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். இந்த ஊரில் அது மழைக்காலத்தின் நடுவும்கூட. கோயில் கமிட்டியின் மூத்தவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, கணக்கெல்லாம் இருக்கட்டும். அந்தத் தண்ணியில பிரசாதம் பொங்கலாமா, கூடாதா?"

நான் மண்ணும் நிலத்தடி நீரும் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். கையில் இருப்பது செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான நான்கு மாதம், ஒரு முதுகலை மாணவி, கமிட்டி கொடுத்த சிறு தொகை. பாக்டீரியாவும் வைரஸும் மணலுக்குள் எவ்வளவு தூரம் போகும் என்பதை அறியப் பல வழிகள் இருக்கின்றன. மணலைக் குழாயில் அடைத்துத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். நீரின் போக்கைக் காட்டும் தடயப் பொருளை நிலத்திலேயே விட்டுப் பார்க்கலாம். எக்ஸ்-கதிர் கொண்டு மணலுக்குள்ளேயே எட்டிப் பார்க்கலாம். கணினியில் ஓட்டியும் பார்க்கலாம். எல்லாவற்றையும் செய்ய நேரமில்லை. எதைத் தேர்ந்தோம், எதை ஒதுக்கினோம், ஏன் என்பதை எழுதி வைத்தால், இதே கேள்வியோடு நிற்கும் வேறு சிலருக்கு உதவக்கூடும்.

முதலில், துகள் எப்படிப் போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணற்பரல்களுக்கு இடையிலான துளைகளில் தண்ணீர் நாளுக்கு 20 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், அது நொடிக்கு 2 மைக்ரோமீட்டருக்குச் சற்று அதிகம். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துகள், நீர் மூலக்கூறுகளின் மோதலால் ஒரு நொடியில் தானாகவே ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர் அலைகிறது. 27 நானோமீட்டர் அளவுள்ள வைரஸோ ஏறக்குறைய 6 மைக்ரோமீட்டர் அலைகிறது. ஆகவே வைரஸ் அலைந்து அலைந்து பரலின் மேல் அடிக்கடி மோதும். பெரிய துகள் தன் எடையால் படியும். இரண்டுக்கும் நடுவில், 1 முதல் 2 மைக்ரோமீட்டர் வரை உள்ளவை இரண்டு வகையிலும் தப்பிவிடும். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன என்பது நம் துரதிர்ஷ்டம். ஆனால் மோதினால் மட்டும் போதாது, ஒட்டவும் வேண்டும். நூறு முறை மோதினால் எத்தனை முறை ஒட்டும் என்ற விகிதத்தை ஒட்டுதிறன் என்கிறோம். 1971இல் யாவ், ஹபிபியன், ஓமெலியா மூவரும் வகுத்த வடிகட்டல் கோட்பாட்டில் மோதும் வாய்ப்பு ஒரு எண், ஒட்டுதிறன் இன்னொரு எண். இரண்டின் பெருக்கலே துகள் எத்தனை மீட்டரில் அடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த இரண்டாவது எண்ணின் கனத்தைக் காட்ட ஒரு சிறு கணக்கு. பரல் விட்டம் 0.3 மில்லிமீட்டர், மணலில் காலியிடம் நூற்றுக்கு 40, மோதும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று கொள்வோம். ஒட்டுதிறன் ஆயிரத்தில் ஒன்றாக இருந்தால், 35 மீட்டர் கடந்தபின் நூற்றுக்கு 35 துகள்கள் போர்ஹோலுக்கு வந்து சேரும். அதே எண் நூற்றில் ஒன்றாக இருந்தால் லட்சத்துக்கு மூன்றுகூட வராது. பத்தில் ஒன்றாக இருந்தால் ஒன்றுமே வராது என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவின் நிலத்தடி நீர் விதி வைரஸ்களுக்குக் கேட்பது பத்தாயிரத்தில் ஒன்றுக்குமேல் மிஞ்சாத அளவு நீக்கம். அதாவது, "பொங்கலாமா, கூடாதா" என்ற கேள்விக்கான பதில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் நூற்றில் ஒன்றுக்கும் நடுவில் எங்கோ புரண்டுவிடுகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது இந்த எண்ணை எங்கள் மணலுக்கு, எங்கள் தண்ணீருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வழியையும் நான் இந்த ஒரே உரைகல்லில்தான் உரைத்துப் பார்த்தேன்.

எளிதானது மணற்குழாய்ச் சோதனை. 1856இல் பிரான்சின் டிஜோன் நகர நீர் வழங்கல் பற்றிய நூலில் டார்சி தன் விதியை வெளியிட்டதும் மணல் நிரப்பிய தூணில் தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான். மணலை அள்ளி, சலித்து, அமிலத்தில் கழுவி, கண்ணாடிக் குழாயில் அடைத்து, மேலே துகள் கலந்த நீரை விட்டு, கீழே வருவதை நேரத்தோடு எண்ணினால், துகள் வெளிவரும் வளைகோடு கிடைத்துவிடும். மூன்றே நாளில் ஒரு சோதனை முடியும். திரும்பத் திரும்பச் செய்தாலும் அதே விடை வரும். ஆய்வுக்கட்டுரைகளுக்கு இதைவிட வசதியான முறை இல்லை. எங்களுக்கு உதவாததற்குக் காரணமும் அந்த அமிலக் கழுவல்தான்.

டர்பன் கடற்கரை மேடுகளில் கிடக்கும் பெரீயா சிவப்பு மணல், பழைய மணற்குன்றுகள் நெடுங்காலம் மழையில் ஊறிச் சிதைந்து உண்டானது. அதன் சிவப்பு, பரல்களின் மேல் பூசியிருக்கும் இரும்பு ஆக்சைடு. வெறும் குவார்ட்ஸ் பரல் தண்ணீரில் எதிர்மின்சுமை கொண்டது. பாக்டீரியாவும் பெரும்பாலான வைரஸ்களும் எதிர்மின்சுமை கொண்டவையே. ஆகவே அவை ஒன்றையொன்று தள்ளும். இரும்பு ஆக்சைடோ பி.எச். ஏறக்குறைய 7 முதல் 9 வரை எட்டும்வரை நேர்மின்சுமையோடு நின்று துகள்களை இழுத்துப் பிடிக்கும். அமிலத்தில் கழுவினால் இந்தப் பூச்சு போய்விடும். மிஞ்சுவது எங்கள் மண் அல்ல, வெறும் கடைக் குவார்ட்ஸ். கழுவாமல் விட்டாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. செப்டிக் டேங்க் நீரில் கரைந்துள்ள கரிமப் பொருளும் பாஸ்பேட்டும் அதே இரும்பு ஆக்சைடின் மேல் போய் உட்கார்ந்து, அதன் நேர்மின்சுமையை மூடிவிடுகின்றன. பல ஆண்டுகளாக அந்த நீரைக் குடித்துவரும் குழியடி மணல், பத்தடி தள்ளி எடுத்த அதே சிவப்பு மணலைப்போல் நடந்துகொள்ளாது. வாலை வடித்த சுத்தமான நீரில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. எனவே குழாயில் விடும் நீர் அந்த டேங்கிலிருந்தே வர வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும் என்று மாணவிக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்தது, மணலை அள்ளாமல் கலையாத நிலையிலேயே குழாயோடு வெட்டி எடுக்கும் முறை. நாங்கள் தேர்ந்தது இதைத்தான்; இப்படி ஆறு குழாய் எடுக்கப்போகிறோம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. கழிவுநீர்க் குழாய் போதும். அரை மீட்டர் நீளத்துக்கு அறுத்து, ஒரு விளிம்பை வெளிப்பக்கமாகச் சீவிக் கூராக்கி, குழிக்குள் மெல்ல மெல்ல அழுத்தி இறக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் மணல் நொறுங்கி அடங்கிவிடும் என்பதால் காரைத் தூக்கும் ஜாக்கியைத் தலைகீழாக வைத்து அழுத்துகிறோம். போன ஆண்டு வேறொரு வேலைக்காக நான் எடுத்த முதல் குழாயில், சோதனைக்கு மேலே விட்ட உப்பு நீர், வர வேண்டிய நேரத்தில் பாதியிலேயே கீழே வந்துவிட்டது. வேர்த்துளை என்று நினைத்து மகிழ்ந்தேன். அறுத்துப் பார்த்தால், மணலுக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி. தண்ணீர் மணலைத் தொடாமல் சுவரோரமாகவே வழிந்திருக்கிறது. அதிலிருந்து சுவரோர இடைவெளியில் உருக்கிய பாரஃபின் மெழுகை ஊற்றி அடைத்த பிறகுதான் சோதனை தொடங்குவது என்று வைத்திருக்கிறேன். உண்மையான வேர்த்துளையும் கறையான் வழியும் இருந்தால் அவை அப்படியே இருக்கட்டும். காவடி நாளில் துகள்கள் ஓடப்போவது அவற்றின் வழியாகத்தான்.

இந்த முறைக்கு இன்னொரு ஆதாயம் உண்டு. சோதனை முடிந்ததும் குழாயை 2 சென்டிமீட்டர் வில்லைகளாக அறுத்து, ஒவ்வொரு வில்லையிலும் எத்தனை துகள் தங்கியது என்று எண்ணலாம். எளிய கோட்பாட்டின்படி ஆழம் கூடக்கூடத் தங்கும் அளவு ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். நடப்பில் பெரும்பாலும் மேற்பகுதியில் அளவுக்கு மீறித் தங்கி, கீழே வர வர வால் நீண்டுகொண்டே போகும். ஒரே இனத்து பாக்டீரியாக்களிலும் எல்லாம் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. ஒட்டும் குணம் கூடியவை முதல் சில சென்டிமீட்டரிலேயே சிக்கிக்கொள்ள, ஒட்டாதவை மட்டும் கூட்டமாகத் தொடர்ந்து போகின்றன. அரை மீட்டரில் கிடைத்த சராசரி ஒட்டுதிறனை அப்படியே 35 மீட்டருக்கு நீட்டினால், நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம், அதுவும் ஆபத்தான திசையில். வெளிவரும் நீரை மட்டும் அளந்தவருக்கு இது தெரியாது. வில்லை அறுத்தவருக்குத் தெரியும்.

எந்தத் துகளை விடுவது என்பதும் ஒரு தேர்வுதான். ஒளிரும் பாலிஸ்டைரீன் மணிகள் எளிதானவை, கெடுவதில்லை, எண்ணுவதற்கு வசதி. ஆனால் அவற்றில் ஆயிரத்தில் ஒன்று, மிஞ்சிப்போனால் பத்தாயிரத்தில் ஒன்றுக்குக் கீழே எண்ணிக்கை மங்கிவிடும். எம்.எஸ்.2 என்ற பாக்டீரியாத்தின்னி வைரஸ் ஏறக்குறைய 27 நானோமீட்டர், மனிதருக்குத் தீங்கில்லை, தட்டில் வளர்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வெற்றுப் புள்ளியாகத் தெரியும். ஒரு மில்லிலிட்டரில் நூறு கோடி விட்டு, கீழே ஒன்றிரண்டு வந்தாலும் எண்ணிவிடலாம். நமக்குத் தேவையான பத்தாயிரத்தில் ஒன்று இதன் எல்லைக்குள் தாராளமாக அடங்குகிறது. நுண்ணுயிர்க்கூடம் பக்கத்தில் இருப்பதால் எம்.எஸ்.2 பக்கம் சாய்ந்தேன். இல்லாதவர்களுக்கு மணிகளே கதி. பாக்டீரியா அளவுக்கு மட்டும் 1 மைக்ரோமீட்டர் மணிகளை எம்.எஸ்.2-உடன் கலந்தே விடப்போகிறோம்.

நிலத்திலேயே சோதிப்பதுதான் உண்மைக்கு மிக அருகில் உள்ளது என்று யாரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் நாளுக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் 35 மீட்டர் கடக்க 175 நாள் ஆகும். அதற்குள் காவடியே முடிந்துவிடும். குடிக்கப்போகும் போர்ஹோலை நோக்கி வைரஸை விடுவதும் முறையல்ல. ஆகவே குழியிலிருந்து 3 மீட்டரில் ஒரு மெல்லிய கவனிப்புக் குழாயை இறக்கி, சமையல் உப்பு மட்டும் கரைத்து விட்டு, மின்கடத்தும் திறனை மீட்டரால் அளந்து நீரின் வேகத்தை மட்டும் அறிந்துகொள்வது என்று முடிவு செய்தோம். இரண்டு மூன்று வாரத்தில் விடை வந்துவிடும், செலவும் இல்லை.

உள்ளே எட்டிப் பார்க்கும் முறைகளில் மாணவிக்கு இருந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் நெக்சா என்ற அணுசக்தி நிறுவனத்திடமும், ஸ்டெலன்பாஷ் பல்கலைக்கழகத்திடமும் நல்ல எக்ஸ்-கதிர் சி.டி. கருவிகள் இருக்கின்றன. பரல்களும் துளைகளும் முப்பரிமாணத்தில் சுழலும்போது யாருக்கும் மனம் நிறையும். ஆனால் குறுக்கே 2,000 புள்ளிகள் கொண்ட உணரியில் 10 மில்லிமீட்டர் மாதிரியை வைத்தால் ஒரு புள்ளிக்கு 5 மைக்ரோமீட்டர். அந்த ஒரே புள்ளிக்குள் எம்.எஸ்.2 வைரஸ்களை வரிசையாக 180 நிறுத்தலாம். வீடு தெரியும், குடியிருப்பவர் தெரியமாட்டார். காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞையை அளக்கும் என்.எம்.ஆர். முறை, 1965இல் ஸ்டெஜ்ஸ்கலும் டேனரும் வகுத்த காந்தச்சாய்வுத் துடிப்பு உத்தியைக் கொண்டு, நீர் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பொருளை அறுக்காமலே சொல்லும். கண்ணாடி மணியிலும் வெள்ளை மணலிலும் அது அழகாக வேலை செய்கிறது. எங்கள் மணலின் இரும்போ காந்தப்புலத்தைப் பரலுக்குப் பரல் கோணலாக்கி, சமிக்ஞையைச் சில நொடிகளுக்குள் அல்ல, கண் இமைப்பதற்குள்ளேயே அழித்துவிடும். துகள்களைப் பிடித்து நிறுத்தும் அதே பூச்சு, அவற்றைப் பார்க்கும் கருவியின் கண்ணையும் கட்டிவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைக்கும் கண்ணாடி நுண்வழித் தகடுகள் மாணவர்களுக்குக் காட்ட நல்லவை. இந்தக் கேள்விக்கு அவை வேண்டாம்.

இனி கணினி. இங்கும் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சி.டி. படத்திலிருந்து துளைகளின் உண்மையான வடிவத்தை எடுத்து, அதைப் புள்ளிக்கட்டமாகப் பிரித்து லாட்டிஸ் போல்ட்ஸ்மன் என்ற முறையில் நீரோட்டத்தைக் கணக்கிட்டு, அதில் துகள்களை ஒவ்வொன்றாக அலையவிடுவது. பக்கத்துக்கு 500 புள்ளிகள் கொண்ட கனசதுரத்தில் 12.5 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 19 திசைகள், திசைக்கு 8 பைட் என்றால் ஒரு பிரதிக்கு 19 ஜி.பி., வழக்கம்போல இரண்டு பிரதி வைத்தால் 38 ஜி.பி. நல்ல மேசைக் கணினியே தாங்கும். பக்கத்தை இரட்டித்து 1,000 ஆக்கினால் அது எட்டு மடங்காகி 304 ஜி.பி. ஆகிறது; அப்போது கேப் டவுனில் 2016இல் இயங்கத் தொடங்கிய லெங்காவ் போன்ற பெருங்கணினியில் வரிசை பிடிக்க வேண்டும். இவ்வளவும் செய்து நாம் பார்ப்பது எவ்வளவு மணல்? 5 மைக்ரோமீட்டர் புள்ளியில் 500 என்றால் 2.5 மில்லிமீட்டர், எட்டு பரல் அகலம். அதிலிருந்து 35 மீட்டருக்குப் போக 14,000 மடங்கு நீட்ட வேண்டும்.

நீட்டலைக்கூட மன்னித்துவிடலாம். ஒட்டுவது பரலிலிருந்து சில நானோமீட்டர் தூரத்துக்குள் நடக்கிறது. கணக்கில் ஒரு புள்ளியின் அளவோ 5 மைக்ரோமீட்டர். ஆகவே பரலைத் தொட்ட துகள் ஒட்டுமா என்பதை நிரல் தானாகக் கண்டுபிடிப்பதில்லை, நாம்தான் ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். எந்த எண்ணைத் தேடி வந்தோமோ அதையே உள்ளே போட்டு அதையே வெளியே எடுக்கும் வேலை அது. மோதும் வாய்ப்பை அந்த முறை மிக நன்றாகச் சொல்லும். அதற்குத்தான் ஏற்கெனவே சூத்திரங்கள் இருக்கின்றனவே.

இந்த முறையை நான் கேள்விப்பட்டு மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பெரீயா என்று பெயர் கண்டதும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த துளைப் படத்தை இறக்கி, இரண்டு வாரம் ஓட்டி, அழகான படங்கள் வரைந்தேன். எண்ணெய்த் துறை ஆய்வகங்கள் உலகெங்கும் பயன்படுத்தும் அந்தப் பெரீயா, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து மணற்கல். டர்பன் மேட்டுச் சிவப்பு மணலுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவே இல்லை. படம் பாறையாக இருக்கிறதே, மணல் உதிரியாக அல்லவா இருக்கும் என்று கேட்டவர் ஆய்வுக்கூடத்தில் குழாய் கழுவும் அண்ணன்.

மற்ற வழி, மணலைத் தொடர்ச்சியான ஊடகமாக எண்ணி, நீரோடு செல்லல், பரவல், ஒட்டல், விடுபடல் என்று சில சமன்பாடுகளில் அடக்குவது. மண்ணுக்குள் நீரும் அதில் கலந்தவையும் நகர்வதை இப்படிக் கணக்கிடும் ஹைட்ரஸ்-1டி நிரல் இலவசம். மடிக்கணினியில் ஓர் ஓட்டம் சில நொடி. ஒட்டும் இடங்களை இரண்டு வகையாகப் பிரித்துக் கொடுக்கலாம்: பிடித்தால் விடாதவை ஒன்று, பிடித்து மெல்ல விடுபவை மற்றொன்று. குழியடியில் நீர் நிரம்பாத மணலும் வரும் என்பதால் அதையும் இதிலேயே சேர்க்கலாம். ஓட்டம் இவ்வளவு மலிவு என்பதால் ஒட்டுதிறனை ஒரே எண்ணாக வைக்காமல், ஆறு குழாயிலும் வரும் எண்களின் முழு வீச்சையும் ஆயிரக்கணக்கான முறை ஓட்டி, எத்தனை முறை எல்லை மீறுகிறது என்று எண்ணலாம். கமிட்டிக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்த வடிவத்தில்தான் இருக்க முடியும்.

இதைவிட முக்கியமான காரணம் மழை. செப்டிக் நீரில் உப்புகள் அதிகம். அந்த உப்பு, பரலுக்கும் துகளுக்கும் இடையிலான மின்தள்ளலை அடக்கிவைக்க, துகள்கள் பரலருகே மேலோட்டமாகத் தங்குகின்றன. உப்பற்ற மழைநீர் இறங்கியதும் அந்தத் தள்ளல் மீண்டும் விரிந்து, தங்கியவை கூட்டமாக விடுபடும். காவடியன்று குழி நிரம்புகிறது. அடுத்த வாரம் பெருமழை கொட்டுகிறது. நாம் அஞ்ச வேண்டியது முதல் நாளை அல்ல, அந்த அடுத்த வாரத்தை. குழாய்ச் சோதனையில் டேங்க் நீருக்குப் பின்னால் கோயில் கூரையில் பிடித்த மழைநீரை விட்டால் இது நேரடியாகத் தெரியும், அதன் விடுபடும் வேகத்தை ஹைட்ரஸில் ஏற்றவும் முடியும். துளை அளவுக் கணக்கில் இதைச் செய்ய ஒவ்வொரு பரலின் மின்சுமையையும் நாம் கற்பனை செய்ய வேண்டியிருக்கும்.

மாணவிக்கு ஒரு நியாயமான மனக்குறை உண்டு. துளை அளவுக் கணக்கு கற்றுக்கொண்டால் வெளியே வேலை கிடைக்கும், கட்டுரை வெளியாகும். குழாயில் நாறும் தண்ணீர் ஊற்றினால் இரண்டும் சந்தேகம். பொருள் வேறாக இருந்தால் நானே அவள் பக்கம் நிற்பேன். சுட்ட களிமண் வடிகட்டி, மெழுகுவத்தி வடிவப் பீங்கான் வடிகட்டி போன்றவற்றில் துளையே துகளின் அளவுக்குச் சிறியது. ஒட்டுவதைவிட அடைபடுவதே அங்கே ஆதிக்கம் செலுத்தும், துளையின் வடிவம் சுட்டபின் மாறுவதுமில்லை. அத்தகைய பொருளுக்கு சி.டி.-யும் லாட்டிஸ் போல்ட்ஸ்மனும்தான் முதல் தேர்வு. இங்கே பரல் 300 மைக்ரோமீட்டர், பாக்டீரியா 1 மைக்ரோமீட்டர், அடைபடுவதற்கு ஒன்றுமில்லை. ஆறு குழாய்களில் ஒன்றை மட்டும் அறுக்குமுன் சி.டி. எடுக்க அனுப்புவது என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம். வேர்த்துளை எங்கே ஓடுகிறது என்று தெரிந்தால் அந்தக் குழாயின் வளைகோட்டைப் புரிந்துகொள்ள அது உதவும்.

பெரியவருக்கு இப்போதைக்குச் சொன்ன பதில்: தென்னாப்பிரிக்கக் குடிநீர்த் தரம் 241, மலக்கலப்பைக் காட்டும் ஈ-கோலை பாக்டீரியா நூறு மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது, விடை வரும்வரை போர்ஹோல் தண்ணீர் தோட்டத்துக்கும் தரை கழுவவும் மட்டும், அடுப்பங்கரைக்கு வேண்டுமானால் குளோரின் போட்டு. அவருக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் குழி வெட்ட ஆள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அக்டோபர் மழை பிடிக்குமுன் ஆறு குழாயையும் எடுத்துவிட வேண்டும். ஈரம் ஏறினால் மணல் குழாய்க்குள் குழைந்துவிடும். வரும் சனிக்கிழமை காலை ஜாக்கியும் மெழுகும் கொண்டு போகிறோம்.